கலைக்கூடத்தின் கதவு உழைப்பாளிக்கும் திறக்கட்டும்!

(சாணார்பட்டியில் நடைபெற்ற ஆலைத் தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலியைப் பற்றி இந்த இடத்தில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். பட்டாவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஆலையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பிழியப்படும் உழைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று கலையைப் பற்றியும், அருங்காட்சியகத்தைப் பற்றியும் பேசப் போகிறோம். ‘இது என்ன புதிதாக? வயிறு நிறைந்தவர்கள் பேச வேண்டிய சமாசாரம் அல்லவா இது?’ என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றவேண்டும் என்றுதான் ஆளும் வர்க்கம் காலம் காலமாக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது!

நிலம் யாருடையது என்று கேட்டோம். ஆலையில் விளையும் லாபம் யாருடைய வியர்வை என்று கேட்டோம். அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இந்த நாட்டின் பாட்டும், ஆட்டமும், கொட்டும் யாருடையவை? அவற்றை உண்டாக்கியவன் எங்கே நிற்கிறான்? அவற்றை அனுபவிப்பவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? இந்தக் கேள்வியும் கூலிக் கேள்விதான். இதுவும் உரிமைக் கேள்விதான்.

கலையை நாம் இரவல் வாங்கியவர்கள் அல்ல

உழைப்பாளிக்குக் கலை தெரியாது என்று யார் சொன்னது? நாற்று நடும்போது பாடியவள் யார்? கமலை இறைக்கும்போது பாடியவன் யார்? பிள்ளையைத் தூளியில் போட்டுத் தாலாட்டியவளும், செத்தவரைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தவளும் எந்த சங்கீதப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? வேலை கடினமானது, அந்தக் கடினத்தைத் தாங்குவதற்குப் பாட்டு பிறந்தது. பலபேருடைய கை ஒன்றாக எழவேண்டும், ஒன்றாக விழவேண்டும். அதற்காகத் தாளம் பிறந்தது. உழைப்புத்தான் கலையின் தாய்.

நமது இயக்கமும் இதை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது. 1943ஆம் ஆண்டில் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் உதயமாயிற்று. வங்கப் பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, அந்தக் கொடுமையைப் பாட்டாகவும் நாடகமாகவும் நாடெங்கும் எடுத்துச் சென்றவர்கள் அந்தக் கலைஞர்கள். 1950களில் நமது திண்டுக்கல்லில் நடந்த விவசாயிகள் மாநாட்டில் ‘கண்ணின் மணிகள்’ நாடகம் நடந்தது. அதற்குப் பாட்டு எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ஏரும் உப்பளமும் அறிந்த அந்தக் கவிஞர் 1959இல் இருபத்தொன்பதாவது வயதிலேயே மறைந்தார். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடிய பாட்டுக்கள் செங்கொடிக்கு வெற்றி தேடித் தந்தன. அந்தக் குடும்பத்துத் தம்பிதான் பின்னாளில் இளையராஜா என்று உலகம் அறிந்த இசைக் கலைஞர்.

ஆகவே, நாம் கலையை யாரிடமும் இரவல் கேட்கவில்லை. நம்முடையதை நம்முடையது என்கிறோம். அவ்வளவுதான்.

பறையின் கதை

ஒரே ஒரு வாத்தியத்தை எடுத்துக் கொள்வோம். பறை.

அது எப்படி உருவாகிறது? வேப்பமரக் கட்டையை வளைவாகச் செதுக்கி, துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்து வட்டமாக்குகிறார்கள். மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசையைக் காய்ச்சித் தடவி, அந்த வட்டத்தின் மேல் இழுத்துக் கட்டுகிறார்கள். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால் தோல் விறைக்கும், நாதம் பிறக்கும். ஒரு கையில் நீளமான மெல்லிய சிம்புக் குச்சி. மறு கையில் குட்டையான அடிக்குச்சி. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று எத்தனை வகை! ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு காரணம் உண்டு.

தோழர்களே, கவனியுங்கள். மரத்தை வெட்டியவன், தோலை உரித்துப் பதனிட்டவன், புளியை உலுக்கியவன், கொட்டையைப் பிரித்தெடுத்த பெண் — இத்தனை பேருடைய உழைப்பும் அந்த ஒரு வட்டத்துக்குள் இருக்கிறது. புளி உடைக்கும் பெண்களும், தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற தொழிலாளிகளும் நமது ஜில்லாவின் மக்கள். அந்தத் தோல் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய தோழர் ஏ. பாலசுப்பிரமணியம் அவர்களின் பெயரை இன்றும் பேகம்பூர் மறக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போகிறவனும், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவனும், மாதா கோயிலுக்குப் போகிறவனும் ஒரே தொட்டியில் நின்று பதனிட்ட தோலில்தான் இந்த மண்ணின் தாளம் பிறந்தது!

பழைய காலத்தில் பறைக்கு இழிவு கிடையாது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தெய்வம், ஒரு மரம், ஒரு பறவை இருந்தது போலவே ஒரு பறையும் உண்டு என்று தொல்காப்பியம் கணக்கு வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை. முல்லைக்கு ஏறுகோட் பறை. நெய்தலுக்கு மீன்கோட் பறை. புறநானூற்றில் மாங்குடி கிழார், துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் சிறந்த நான்கு குடிகளாக எடுத்துச் சொல்கிறார். பிறகு என்ன ஆயிற்று? நிலம் ஒரு சிலர் கைக்குப் போயிற்று. உழைத்தவன் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டான். அவன் கையிலிருந்த வாத்தியமும் அவனோடு சேர்த்து வெளியே தள்ளப்பட்டது. தோல் தீட்டு, தோலைத் தொட்டவனும் தீட்டு! ஆனால் மிருதங்கத்தின் மேல் இருப்பதும் தோல்தானே? தவிலில் இருப்பது தோல்தானே? அந்தத் தோலுக்குத் தீட்டு இல்லையாம்! இது தோலின் பிரச்னை அல்ல. அதை அடிக்கிறவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்ற பிரச்னை. வர்ணத்துக்கும் வர்க்கத்துக்கும் முடிச்சுப் போட்டு வைத்த பிரச்னை.

எறிவதா? ஏந்துவதா?

இங்கே நம் இளைஞர்களிடையே ஒரு வாதம் நடக்கிறது. அதை மூடி மறைக்காமல் பேசுவோம்.

ஒரு சாரார் சொல்கிறார்கள்: “எங்கள் பாட்டன் சாவு வீட்டுக்குப் பறை அடித்தான். கூப்பிட்ட நேரத்துக்குப் போகாவிட்டால் அடி உதை. கூலி என்று ஒன்று கிடையாது. கொஞ்சம் தானியமும் கொஞ்சம் சாராயமும்தான். இந்த அடிமைச் சின்னம் எங்களுக்கு வேண்டாம். குச்சியை ஒடித்து எறிகிறோம்.” இதில் நியாயம் இருக்கிறது. ரத்தம் கொதித்துச் சொல்லும் நியாயம் இது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. தீண்டாமைக் குற்றத்துக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; வன்கொடுமைக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ‘அடிக்க மாட்டேன்’ என்று ஒருவன் சொன்னால், அவனை அடிக்க வைக்க ஊருக்கு உரிமை இல்லை. பஞ்சாயத்துக்கு உரிமை இல்லை. கலையைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பும் ரசிகர்களுக்கும் உரிமை இல்லை. இதில் நமக்குச் சந்தேகமே கிடையாது.

இன்னொரு சாரார் சொல்கிறார்கள்: “இழிவு பறையில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது. கட்டாயத்தை உடைப்போம். பறையைத் தலை நிமிர்ந்து மேடையில் அடிப்போம்.” இதிலும் நியாயம் இருக்கிறது. பண்ணையாள் முறையை எதிர்த்துப் போராடினோம். அதற்காக மண்வெட்டியைத் தூக்கி எறிந்தோமா? இல்லை. மண்வெட்டி நம்முடையது, சவுக்கு பண்ணையாருடையது. சவுக்கைத்தான் பிடுங்கி எறிந்தோம்.

இந்த இரண்டு பேரும் எதிரிகள் அல்ல. ஒருவன் சங்கிலியை அறுக்கிறான். மற்றவன் அறுந்த கையை உயர்த்துகிறான். இருவருக்கும் எதிரி ஒருவனே.

உயர்த்திய கைக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நமது திண்டுக்கல் ஜில்லாவிலேயே ‘சக்தி’ கலைக்குழு இருக்கிறது. அருட்சகோதரி சந்திரா அவர்கள் முன்நின்று வளர்த்த அந்தக் குழுவில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பறை அடிக்கிறார்கள். பறையைப் பெண் தொடுவதா என்று கேட்ட ஊரில், பெண்பிள்ளை இடுப்பில் கட்டிக்கொண்டு, அடவு வைத்து ஆடி அடிக்கிறாள்! சாதியின் பூட்டும் உடைகிறது. வீட்டுக்குள் ஆண் போட்ட பூட்டும் உடைகிறது. அமெரிக்காவின் இசை ஆராய்ச்சியாளர் ஸோயி ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்திருக்கிறார். மலையைத் தாண்டிய பக்கத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஊர்க்கோடியில் நிறுத்தி வைக்கப்பட்ட வாத்தியம் குடியரசுத் தலைவர் மாளிகை வரை போயிருக்கிறது. மகிழ்கிறோம். ஆனால் ஒருவருக்குக் கிடைத்த பதக்கத்தைக் காட்டி ஆயிரம் பேருடைய வயிற்றை மறைக்க விடமாட்டோம்.

பொருள் உள்ளே, மனிதன் வெளியே

இங்கேதான் ஒரு எச்சரிக்கை வேண்டும். கலை மேடையேறினால் கலைஞனும் மேடையேறி விட்டான் என்று நினைத்து ஏமாந்து விடக்கூடாது.

பட்டணத்து சங்கீத வித்வத் சபையின் கதையைப் பாருங்கள். 1928இல் தோன்றிய அந்தச் சபை ஒரு பெண்மணிக்கு ‘சங்கீத கலாநிதி’ பட்டம் தர 1968 வரை காத்திருந்தது. அந்த முதல் பெண்மணி நமது மதுரை எம். எஸ். சுப்புலட்சுமி. கோயிலிலும் கலியாணத்திலும் ஊரெல்லாம் கேட்ட நாதசுரத்தைக் கரை கண்ட ஷேக் சின்ன மௌலானா, ஒரு முஸ்லிம் கலைஞர். அவருக்கு அந்தப் பட்டம் 1998இல் வந்தது. 2024இல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவுக்கு அந்தப் பட்டம் அறிவிக்கப்பட்டபோது, சில வித்வான்கள் அந்தச் சபையில் பாடமாட்டோம் என்று கிளம்பினார்கள். ஏன்? சங்கீதத்தில் சாதி இருக்கிறது என்று அவர் பகிரங்கமாகச் சொன்னது பொறுக்கவில்லை. 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் நடுவே கலைவிழா நடத்தியவர்களில் அவரும் ஒருவர். சபாவைக் குப்பத்துக்குக் கொண்டு வந்தால் சிலருக்குத் தலை சுற்றுகிறது!

சதிராட்டத்தின் கதை இன்னும் கசப்பானது. கோயிலோடு பிணைக்கப்பட்ட பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஆட்டம் அது. அந்தப் பெண்களை வதைத்த தேவதாசி முறை ஒழிய வேண்டியதுதான், 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது, வரவேற்கிறோம். ஆனால் 1930களிலேயே சதிர் ‘பரதநாட்டியம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, பெரிய வீட்டுப் பிள்ளைகளின் அரங்கேற்றமாகி விட்டது. ஆட்டம் மேடைக்குப் போயிற்று. ஆட்டத்தைக் காத்த பெண்ணில் பெரும்பாலோர் தெருவிலே நின்றார்கள். பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர்தான் தப்பி நின்று புகழ் பெற்றார்கள். இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது. நாளைக்குப் பறைக்கும் இதுவே நடக்கலாம்! பட்டணத்தில் பறைப் பயிற்சிக்குக் கட்டணம் கட்டிப் படிப்பவன் மேடையிலும், பறையைப் பரம்பரையாகக் காத்தவன் இழவு வீட்டு வாசலிலும் நிற்கிற நிலை வந்தால், அதற்குப் பெயர் முன்னேற்றம் அல்ல. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறை கற்கட்டும்; நல்லதுதான். அதேபோல் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வீணையும் கற்கட்டும். கதவு இரண்டு பக்கமும் திறக்கவேண்டும். கற்றுக்கொடுக்கிற ஆசானுக்கு மரியாதையும் சம்பளமும் வேண்டும்.

பொருள் உள்ளே, மனிதன் வெளியே — இந்த அநியாயம் மிகத் தெளிவாகத் தெரிகிற இடம் அருங்காட்சியகம்.

மூக்கை அளந்த காலமும், பெயரைக் கண்ட காலமும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. 1885இல் அதன் பொறுப்புக்கு வந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் என்ன செய்தார் தெரியுமா? நம்முடைய மக்களை உட்கார வைத்து, கருவியைக் கொண்டு மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார், மண்டையை அளந்தார். எந்தச் சாதிக்கு எப்படி மூக்கு என்று கணக்கு எழுதினார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு பாகங்களாகப் புத்தகம் வந்தது. தகவல் ஏராளம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் உழைப்பாளி மனிதனா? அலமாரியில் வைக்கிற வண்டும் பூச்சியும் போல அவனும் ஒரு மாதிரிப் பொருள்!

வெள்ளைக்காரன் போனான். அந்தப் பார்வை முழுதாகப் போயிற்றா? அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் ராஜாவின் வாள் இருக்கிறது. ஜமீன்தாரின் பல்லக்கு இருக்கிறது. பல்லக்கைத் தூக்கியவனின் தோள் காய்ப்பு எங்கே இருக்கிறது? வெண்கலச் சிலை இருக்கிறது. எந்த அரசன் காலத்துச் சிலை என்று எழுதியிருக்கிறது. மெழுகில் வார்த்து, உலையில் வெந்து, அதை உருவாக்கிய ஸ்தபதியின் பெயர் இருக்கிறதா? திருட்டுப் போன சிலைகளைக் கடல் கடந்தும் மீட்கிறார்கள். 2014இல் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார். நல்ல காரியம். அதைப் போலவே, வரலாற்றிலிருந்து திருடப்பட்ட உழைப்பாளியின் பெயரையும் மீட்க வேண்டாமா?

மீட்க முடியும் என்பதற்கு கீழடி சாட்சி! 2015 முதல் அங்கே தோண்டியபோது நாட்டை வியக்க வைத்தவை அரண்மனையும் அல்ல, பொற்கிரீடமும் அல்ல. செங்கல் சுவர், உறைகிணறு, பகடைக் காய், பானை ஓடு. அந்தப் பானை ஓட்டில் சாதாரண மக்கள் தங்கள் பெயரைத் தமிழ் எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். ஆதன் என்று ஒருவன். குவிரன் என்று ஒருவன். ராஜாவின் மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டில் தேடிய நாட்டில், பானைக்குச் சொந்தக்காரன் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறான்! ஸ்பின்னிங் மில் தோழர்களே, அங்கே நூல் நூற்கும் தக்களியும் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையில் நூல் நூற்றவளுடைய வாரிசுகள் நீங்கள். இன்று ரிங் பிரேம் முன்னால் நிற்கிறீர்கள். 2023 மார்ச் 5ஆம் தேதி கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். அங்கே பார்க்க வேண்டியது உங்களுடைய வரலாறு.

உலகமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய உலக அருங்காட்சியக சபை, அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதற்குப் புதிய இலக்கணம் வகுத்தது. அது எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எவரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். பன்முகத் தன்மையை வளர்க்க வேண்டும். மக்கள் சமூகங்களின் பங்கோடு நடக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. ஏட்டில் எழுதியாயிற்று, நாட்டில் நடக்க வேண்டும்.

நடத்திக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ‘ஆறாவது வட்டாரம்’ என்ற பகுதி இருந்தது. பல இன, பல மத உழைப்பாளிகள் கலந்து வாழ்ந்த இடம். 1966இல் நிறவெறி அரசாங்கம் அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று அறிவித்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பிடுங்கி எறிந்தது. வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. நிறவெறி வீழ்ந்த 1994இல் அங்கே ஒரு அருங்காட்சியகம் எழுந்தது. அதன் தரையில் பழைய தெருக்களின் பெரிய படம். துரத்தப்பட்ட மக்கள் வந்து, ‘இதோ என் வீடு இங்கே இருந்தது’ என்று தங்கள் கையாலேயே குறித்தார்கள். அதிகாரி எழுதிய வரலாறு அல்ல அது. பாதிக்கப்பட்டவன் எழுதிய வரலாறு. அதல்லவா அருங்காட்சியகம்!

நாம் கேட்பது என்ன?

தோழர்களே, வெறும் ஆதங்கத்தோடு நிறுத்துவது நமது வழக்கமல்ல. திட்டவட்டமாகக் கேட்போம்.

ஒன்று: தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை முறையான பாடங்களாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கின்றன. பறைக்கும் கரகத்துக்கும் ஒயிலாட்டத்துக்கும் அதே நிலையில் முழுநேர இடம் வேண்டும். பகுதிநேரச் சலுகை போதாது. ஆசானை நியமிக்கும்போது சான்றிதழைப் பார்க்காதே, கையைப் பார்!

இரண்டு: நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு செய்யும் முகாம் ஒன்றிய அலுவலகத்திலேயே நடக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து பட்டணத்துக்கு அலைந்து, சான்றுக்குச் சான்று தேடும் நிலை ஒழிய வேண்டும். முதிய கலைஞருக்கு மாத உதவித்தொகை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

மூன்று: சர்க்கார் நடத்தும் விழாக்களில் நாட்டுப்புறக் கலைஞனுக்கு ஊர்வலத்தின் முன்னால் வெயிலில் நடக்கிற வேலை மட்டும் கொடுப்பது போதாது. மேடையும், ஒலிபெருக்கியும், நியாயமான சம்பளமும் வேண்டும். பெண் கலைஞர்களுக்கு உடை மாற்றத் தனி அறை வேண்டும். கேட்கவே கூச்சமாக இருக்கிற இந்தச் சின்ன வசதிகூட இல்லாமல்தான் கரகாட்டப் பெண் மரத்தடியில் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொள்கிறாள்.

நான்கு: நமது ஜில்லாவில் பழனியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதிலும், இனி எழும்புகிற எந்த அருங்காட்சியகத்திலும் உழைப்பாளிக்கு ஒரு கூடம் வேண்டும். கமலையும் ஏற்றமும், தறியும் தக்களியும், தோல் ஷாப்புக் கத்தியும், திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியின் அரமும், கூலி அளந்த மரக்காலும் அங்கே இருக்கவேண்டும். ‘பறை: தோல் வாத்தியம்’ என்று இரண்டு வார்த்தை எழுதி ஒட்டினால் போதாது. யார் செய்தது, எந்த ஊர், என்ன கூலி, எந்தக் கொடுமைக்கு நடுவே இது வாழ்ந்தது என்று எழுத வேண்டும். எதை வைப்பது, எப்படி வைப்பது என்று தீர்மானிக்கும் குழுவில் அந்த மக்களே உட்கார வேண்டும்.

ஐந்து: எழுத்து பெரிதாக, தமிழ் எளிதாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏறச் சாய்தளம் வேண்டும். கண் தெரியாதவர் தடவிப் பார்த்து அறியப் பொருள் வேண்டும். ஷிப்ட் வேலை செய்கிறவன் வரக்கூடிய நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும்.

இந்தக் கூடத்தில் யாரெல்லாம் இருக்க வேண்டும்? சிறுமலையிலும் கொடைக்கானல் மலையிலும் தேன் எடுக்கும் பளியர் மக்கள் இருக்க வேண்டும். பேகம்பூர் தோல் தொழிலாளி இருக்க வேண்டும். சின்னாளபட்டி நெசவாளி இருக்க வேண்டும். திருநங்கைத் தோழர்கள் இருக்க வேண்டும்; மதுரையில் பிறந்து, வீட்டை விட்டு வெளியேறி, நாட்டியம் கற்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ் அவர்களை நினைத்துப் பாருங்கள். இன்னொருவரையும் மறந்து விடாதீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, நம் பக்கத்து ஆலைகளில் நம்மோடு சேர்ந்து நூல் நூற்கும் தொழிலாளி. ராத்திரியில் விடுதி வாசலில் உட்கார்ந்து அவனும் தன் ஊர்ப் பாட்டைப் பாடுகிறான். ‘வடக்கத்தியான்’ என்று அவனை ஒதுக்கினால் லாபம் முதலாளிக்குத்தான். அடுத்த மே தின மேடையில் அவனும் பாடட்டும். நாம் தாளம் போடுவோம்.

நம் கையில் இருக்கிற வேலை

சர்க்கார் கொடுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கு நடவுப் பாட்டு தெரியுமா? அவர் கண் மூடும் முன் கேட்டு வையுங்கள். கையில் செல்போன் இருக்கிறது. அதில் சினிமாப் பாட்டு மட்டும்தான் ஓட வேண்டுமா? பாட்டியின் சம்மதம் கேளுங்கள்; பதிவு செய்யுங்கள்; அவர் பெயரையும், ஊரையும், எந்த வயலில் எந்த வேலைக்குப் பாடியது என்பதையும் சேர்த்துச் சொல்லச் செய்யுங்கள். பெயரில்லாமல் எடுத்துக்கொண்டு போனால் அதுவும் ஒரு சுரண்டல்தான். பரணில் கிடக்கிற மரக்காலையும் கலப்பையையும் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊரில் எத்தனை கலைஞர்கள் இருக்கிறார்கள், யார் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள், யார் விடுபட்டார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் நமது மனுவின் முதுகெலும்பு.

ஒன்றை மட்டும் மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்வோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பறையை வைத்து, பறை அடிப்பவனைத் தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடிக்க வைக்கிற நாட்டில் அருங்காட்சியகம் ஒரு பொய். மேடையில் மாலை போட்டு, மயானப் பாதையைத் தடுக்கிற ஊரில் கலைவிழா ஒரு பொய். ஆகவே நிலத்துக்கான போராட்டம், கூலிக்கான போராட்டம், தீண்டாமை ஒழிப்புப் போராட்டம், கலைக்கான போராட்டம் இவை நான்கும் வெவ்வேறு அல்ல. ஒரே கயிற்றின் நான்கு புரிகள். ஒன்றை விட்டால் கயிறு அறுந்து போகும். நான்கையும் சேர்த்து முறுக்கினால் எந்த மலையையும் இழுக்கலாம்.

பாட்டைப் படைத்தவனுக்குப் பாட்டு மேடையில் இடம் வேண்டும்! வரலாற்றைப் படைத்தவனுக்கு வரலாற்றுக் கூடத்தில் பெயர் வேண்டும்! சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்போம், ஒன்றுபட்டுக் கேட்போம், பெறுகிறவரை விடமாட்டோம்!

உழைக்கும் மக்கள் ஒற்றுமை ஓங்குக!